ஆர்.ஓ.வா, நனோ வடிப்பா? சிறுநீரக நோய்ப் பகுதிகளின் தண்ணீரும் இலங்கை–சீனக் கூட்டு முயற்சியும்

4 ஓகஸ்ட் 2024, காலை. குளக்கட்டு:

இடம் வவுனியா வடக்கு. கிராமச் சங்கம் நடத்துகிற ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல், தண்ணியை அமுக்கத்தில சவ்வுக்குள்ளால தள்ளி உப்பைப் பிரிக்கிறது) நிலையம், நாலு சவ்வு. பேராதனையில சீனா கட்டித்தந்த நீர் ஆய்வு மையம் இப்ப நனோ வடிப்பைத்தான் (குறைஞ்ச அமுக்கத்தில ஓடுற, கொஞ்சம் தளர்ந்த சவ்வு) சொல்லுது, அது கனிமத்தை விட்டுவைக்கும், ஆர்.ஓ. தண்ணி சத்தில்லாத தண்ணி எண்டு கூட்டத்தில ஒருத்தர் சொன்னார். பழைய சவ்வைக் கழற்றிப்போட்டு அதே கூட்டுக்குள்ள (சவ்வு இருக்கிற குழாய்க்குள்ள) நனோ சவ்வைப் போடலாமோ? கிணத்து அறிக்கை: புளோரைட்டு 1.6, வன்மை (கல்சியம், மக்னீசியம்) 350, சிலிக்கா 50 (எல்லாம் லீற்றருக்கு மில்லிகிராம்), கடத்துதிறன் (கரைஞ்ச உப்பு எவ்வளவு எண்டு காட்டுறது) 900.

4 ஓகஸ்ட், மாலை. நீர்மானி:

கூட்டுக்குள் போகும். நாலு அங்குல விட்டம், நாற்பது அங்குல நீளம் என்ற அளவு இரண்டுக்கும் பொது. ஆனால் சவ்வை மட்டும் மாற்றினால் நிலையம் கெட்டுப்போகும்.

ஆர்.ஓ.வுக்காகப் பூட்டிய பம்பி 10 பார் (அமுக்கத்தின் அலகு) அளவில் தள்ளுகிறது. நனோ சவ்வுக்கு இந்தத் தண்ணீரில் 4 முதல் 5 பார் போதும். பத்துப் பாரைக் கொடுத்தால் முதல் சவ்வே தன் பங்குக்கு மேல் தண்ணீரைக் கடத்திவிடும். அதன் முகப்பில் படிவு ஏறும், கடைசிச் சவ்வுக்குப் போதிய ஓட்டம் கிடைக்காது. கிணற்று நீருக்குச் சவ்வின் ஒரு சதுர மீற்றரில் மணித்தியாலத்துக்கு 20 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுச் சவ்வு ஒன்றின் பரப்பு ஏறக்குறைய 7.9 சதுர மீற்றர். நாலு சவ்வுக்கு மணித்தியாலத்தில் 630 லீற்றர்தான் நியாயம். நாளுக்குப் பத்தாயிரம் லீற்றர் வேண்டுமென்றால் 16 மணித்தியாலம் ஓட வேண்டும். எட்டு மணித்தியாலத்தில் முடிக்கவேண்டும் என்று அமுக்கத்தைக் கூட்டுவதுதான் சவ்வுகள் இளமையிலேயே சாகக் காரணம். அதற்கு எட்டுச் சவ்வு வேண்டும்.

வால்வை நெரித்து அமுக்கத்தைக் குறைக்கலாம். அப்படிச் செய்தால் மின்சாரத்தில் ஒரு சதமும் மிஞ்சாது. சிறிய பம்பியோ வேகக் கட்டுப்படுத்தியோ போட்டால்தான் நனோவின் பயன் பட்டியலில் தெரியும். சின்னப் பம்பிகளின் வினைத்திறன் 40 வீதம், உள்ளே போகும் தண்ணீரில் 55 வீதம் நல்ல தண்ணீராக வரும் (இதுதான் மீட்பு) என்று எடுத்தால், 10 பாரில் ஆயிரம் லீற்றர் நல்ல தண்ணீருக்கு ஏறக்குறைய 1.25 அலகு மின்சாரம், 5 பாரில் அதில் பாதி. கிணற்றுப் பம்பியின் செலவு இதில் இல்லை.

4 ஓகஸ்ட், இரவு. நீர்மானி:

கனிமம் பற்றிய பேச்சு அரைகுறையாகப் பரவுகிறது, அதனால் தனிக்குறிப்பு.

நனோ சவ்வு இரட்டை மின்னேற்றமுள்ள அயன்களைத்தான் நன்றாகத் தடுக்கும்: கல்சியம், மக்னீசியம், சல்பேற்று. சோடியம், குளோரைட்டு, இருகாபனேற்று ஆகியவற்றில் ஒரு பங்கு கடந்துவரும். ஆகவே "கனிமத்தை விட்டுவைக்கும்" என்றால் பெரும்பாலும் சோடியத்தையும் இருகாபனேற்றையும் விட்டுவைக்கும். எலும்புக்கு வேண்டிய கல்சியத்தின் பெரும்பகுதி கழிவோடு போய்விடும்.

அடுத்தது புளோரைட்டு. அது ஒற்றை மின்னேற்றம். தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொள்வதால் குளோரைட்டைவிடக் கொஞ்சம் நன்றாகத் தடுபடும், அவ்வளவுதான். நனோவில் தளர்ந்த வகை, இறுகிய வகை என்று இருக்கிறது. இறுகிய வகை 85 வீதம் தடுத்தால் உங்கள் 1.6 வெளியே 0.3 ஆகும். தளர்ந்த வகை 50 வீதம் தடுத்தால் 0.8 வரும் என்று கணக்குப் போடாதீர்கள். சவ்வு வழியே போகப்போக உள்ளே தண்ணீர் செறிவாகிறது. 55 வீத மீட்பில் வெளியே வருவது 0.95ஐத் தொடும். இலங்கைத் தரநிலை எஸ்.எல்.எஸ். 614இன் எல்லை 1.0 (உலக சுகாதார நிறுவனம் சொல்வது 1.5). ஓடையில் விழாமல் விளிம்பில் நிற்பது போலத்தான். வெப்பநிலை ஏறினால், சவ்வு பழசானால், எல்லை தாண்டும்.

விற்பவர் "நனோ" என்றால் விட்டுவிடாதீர்கள். எந்த மாதிரி, புளோரைட்டைத் தடுக்கும் வீதம் எவ்வளவு, எந்த அமுக்கத்தில், எத்தனை பாகை வெப்பநிலையில் என்று எழுத்தில் கேளுங்கள்.

5 ஓகஸ்ட். மருதநிலம்:

நீர்மானி, அடிப்படையையே விட்டுவிட்டீர்கள். இந்தச் சிறுநீரக நோய்க்குக் காரணம் தண்ணீர்தான் என்று யார் நிரூபித்தது? 90களிலிருந்து ஆய்வு நடக்கிறது.

5 ஓகஸ்ட், மாலை. நீர்மானி:

நிரூபிக்கப்படவில்லை, உண்மை. வடமத்திய மாகாணத்தில் மெதவாச்சி, பதவியா பக்கம் 1990களில் தெரியவந்த இந்த நோய் நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத கமக்காரரைத் தாக்குகிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் அவற்றைச் சுற்றியுள்ள இழையத்தையும் கெடுக்கிறது. கட்மியம், ஆசனிக், களைநாசினி, வன்மையோடு சேர்ந்த புளோரைட்டு, வெயிலில் உடல்நீர் வற்றுதல் என்று பல கருதுகோள்கள். கிளைபொசேற்றை 2015இல் தடையே செய்தார்கள். ஒன்றும் தனியாக நின்று வழக்கை முடிக்கவில்லை.

ஆனாலும் நல்ல தண்ணீருக்கான காரணம் வலுவாகவே இருக்கிறது. வன்மை மிகுந்த, சுவை கெட்ட தண்ணீரை வயலில் நிற்கிறவர் குறைவாகவே குடிப்பார். காரணம் வெயிலாக இருந்தாலும் குடிக்கத்தக்க தண்ணீர் வேண்டும். காரணம் தண்ணீருக்குள் இருந்தாலும் வேண்டும். புளோரைட்டு பல்லையும் எலும்பையும் கெடுப்பது ஐயத்துக்கு இடமில்லாத விடயம்.

சீனத் தொடர்பு வந்ததும் இந்தக் கோணத்தில்தான். 2015 மார்ச்சில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பெய்ஜிங் போனபோது சிறுநீரக நோய் பேச்சில் வந்தது. அதன்பின் இரண்டு கிளைகள். ஒன்று பேராதனைப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்த நீர்த் தொழில்நுட்பக் கூட்டு ஆய்வு, செயல்விளக்க மையம். சீனத் தரப்பில் சீன அறிவியல் அக்கடமியின் சூழலியல் ஆய்வாளர்கள். மற்றது பொலன்னறுவையில் சீன உதவியில் எழுந்த சிறுநீரகச் சிறப்பு வைத்தியசாலை. 2021 ஜூனில் திறந்தார்கள், 200 கட்டில், குருதிச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) இயந்திரங்கள் 100. நிலத்தடி நீரில் புளோரைட்டு மிகுந்த மாகாணங்கள் சீனாவிலும் நிறைய உண்டு. அதனால் அவர்கள் கொண்டுவந்தது பொருள் மட்டுமல்ல, பழக்கப்பட்ட அறிவும்தான்.

6 ஓகஸ்ட். குளக்கட்டு:

அப்ப கொஞ்சக் கிணத்துத் தண்ணியை ஆர்.ஓ. தண்ணியோட கலந்தால் கனிமப் பிரச்சினை தீருந்தானே அண்ணை?

6 ஓகஸ்ட், இரவு. நீர்மானி:

கணக்கு வரும். ஆர்.ஓ. தண்ணீரில் புளோரைட்டு 0.1 என்றால், 0.8க்கு வர 47 வீதம் கிணற்று நீர் கலக்கலாம். வன்மை 170 அளவில் நிற்கும். தாளில் அழகாக இருக்கிறது. ஆனால் மருதநிலம் கேட்ட கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். காரணி எது என்று தெரியாத இடத்தில், சவ்வு தடுத்த எல்லாவற்றிலும் பாதியைத் திரும்பவும் குடத்துக்குள் ஊற்றுகிறீர்கள். கரைந்த சேதனக் காபன், பூச்சிகொல்லி எச்சம், கிருமி, எல்லாமே. சிறுநீரக நோயாளிகள் உள்ள கிராமத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கனிமம் சேர்க்கப் பாதுகாப்பான வழி கல்சியம் காபனேற்றுக் குறுணிப் படுக்கை. சவ்வைத் தாண்டி வரும் தண்ணீரில் காபனீரொட்சைட்டு தங்கியிருப்பதால் அதன் பி.எச். 5.5–6.5க்கு இறங்கும். அந்தத் தண்ணீரைக் குறுணி வழியே கீழிருந்து மேலாக மெதுவாக விட்டால் அமிலம் குறுணியைக் கரைக்கும். 22 மில்லிகிராம் காபனீரொட்சைட்டு 50 மில்லிகிராம் வன்மையைத் தரும். பி.எச். தானாக ஏழைத் தாண்டும், மின்சாரம் தேவையில்லை. குறுணி கரைந்து குறையும். மாதம் ஒருமுறை மட்டம் பார்த்து நிரப்ப வேண்டும். உணவுத் தரக் குறுணியே வாங்குங்கள், கட்டடச் சுண்ணாம்புக்கல் ஆகாது.

இப்படிச் செய்யாவிட்டாலும் ஒன்றை மறக்கக்கூடாது: பி.எச். குறைந்த தண்ணீர் பித்தளைத் திருகுபிடியிலிருந்து ஈயத்தைக் கரைத்தெடுக்கும். சவ்வுக்குப் பின்னால் எல்லாம் பிளாத்திக்கு அல்லது துருப்பிடியா உருக்கு.

9 ஓகஸ்ட். நீர்மானி:

இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டது: "மீட்பை 75 வீதமாக்கினால் கழிவு குறையுமே?"

உங்கள் கிணற்றுக்கு முடியாது. தடை சிலிக்கா. கருங்கல் பாறைக்குள் இருக்கும் தண்ணீரில் அது எப்போதும் உண்டு. விசேட மருந்தில்லாமல் செறிவு நீரில் (சவ்வைக் கடக்காமல் கழிவாக வெளியேறும் நீர்) 120 மில்லிகிராமுக்கு மேல் போனால் சிலிக்கா சவ்வில் கண்ணாடிபோலப் படியும். 50 உள்ள தண்ணீரை 2.4 மடங்குதான் செறிவாக்கலாம், அதாவது மீட்பு 58 வீதம். 55இல் நிறுத்துங்கள். 75க்குப் போனால் சிலிக்கா 200 ஆகும். கல்சியம் காபனேற்றுப் படிவை அமிலம் கழுவும், சிலிக்காவை அமிலம் தொடாது. அந்தச் சவ்வைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

கல்சியத்தோடு புளோரைட்டும் கூடி இருப்பதால் கல்சியம் புளோரைட்டும் படியப் பார்க்கும். படிவுத் தடுப்பு மருந்து சொட்டும் பம்பி நின்றுபோனால் யாருக்கும் தெரியாது, தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். மருந்துக் கலனின் வெளிப்பக்கத்தில் பேனையால் கோடு போட்டு, ஒவ்வொரு காலையும் மட்டத்தைப் பதிவதுதான் மலிவான எச்சரிக்கை மணி.

9 ஓகஸ்ட், சற்றுப் பின். நீர்மானி:

கழிவு நீர். யாரும் எண்ணாத பகுதி இது, எனக்கு ஆத்திரமும் இதில்தான்.

பத்தாயிரம் லீற்றர் நல்ல தண்ணீருக்கு 55 வீத மீட்பில் எட்டாயிரம் லீற்றருக்கு மேல் கழிவு. அதில் புளோரைட்டு 3க்கு மேல், வன்மை 750 அளவில். அதை நிலையத்தின் பின்பக்கம் குழியில் விடுகிறார்கள். கிணறு எங்கே? பத்துப் பதினைந்து மீற்றரில். அதே தண்ணீர் அதே கிணற்றுக்குத் திரும்புகிறது. இரண்டு மூன்று வருடத்தில் கடத்துதிறன் ஏறி, சவ்வு அடிக்கடி அடைபட, "சவ்வு தரமில்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். நாடு கடந்து வந்த எந்த நுட்பமும் இந்தக் குழியைக் கணக்கில் எடுக்காவிட்டால் உதவியாகாது.

செய்யக்கூடியவை: மலசலகூடத்துக்குத் தனிக் குழாய், வாகனம் கழுவ, கல் அரிய, சீமெந்துப் பூச்சுக்கு நீராற்ற. தென்னைக்கு விடலாம், ஆனால் கடத்துதிறன் 2000ஐத் தாண்டாமலும் மாரியில் மண் கழுவுப்படும் இடமாகவும் இருக்க வேண்டும். மாட்டுக்கு வைக்காதீர்கள்; புளோரைட்டு மாட்டின் பல்லையும் எலும்பையும் விடாது. மிச்சத்தைக் கிணற்றுக்கு நிலத்தடி ஓட்டத்தின் கீழ்ப்பக்கமாக, தூரத்தில் விட வேண்டும்.

10 ஓகஸ்ட். தாதி_உத்தியோகத்தர்:

வைத்தியசாலைப் பக்கமும் இதே கதைதான். குருதிச் சுத்திகரிப்புக்கும் ஆர்.ஓ. தண்ணீர்தான். அதைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை.

10 ஓகஸ்ட், இரவு. நீர்மானி:

நல்ல இடத்தில் கொண்டுவந்து விட்டீர்கள்.

ஒரு இயந்திரத்தில் சுத்திகரிப்புத் திரவம் நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் ஓடும். நாலு மணித்தியாலத்தில் 120 லீற்றர், கழுவல் தனி. பொலன்னறுவையில் உள்ள நூறு இயந்திரமும் ஒன்றாக ஓடினால் மணித்தியாலத்துக்கு 3,000 லீற்றர் ஆர்.ஓ. நீர். மீட்பு 65 வீதம் என்றால் உள்ளே 4,600, வெளியே கழிவு 1,600. பன்னிரண்டு மணித்தியால வேலைநாளில் கழிவு மட்டும் பத்தொன்பதாயிரம் லீற்றர். இந்தக் கழிவு கிராமத்துக் கழிவு மாதிரியல்ல. ஏற்கெனவே வடித்து, குளோரீனை நீக்கும் கார்பன் படுக்கை தாண்டி, மென்மையாக்கி வந்த தண்ணீர். நோயாளியின் குருதியைத் தொட்டதுமல்ல. சலவைக்கும் மலசலகூடத்துக்கும் நேராக எடுக்கலாம். கட்டடம் கட்டும்போதே தனிக் குழாய் போட்டால் செலவு சொற்பம், பிறகு சுவர் உடைத்துப் போடுவதென்றால் ஒருவரும் செய்யமாட்டார்கள்.

தரத்தில் குடிநீரையும் இதையும் குழப்ப வேண்டாம். குடிநீரில் 1.0 வரை ஏற்கும் புளோரைட்டு இங்கே 0.2க்குள் (எல்லாம் லீற்றருக்கு மில்லிகிராம்). கல்சியம் 2, அலுமினியம் 0.01, மொத்தக் குளோரீன் 0.1. பற்றீரியா ஒரு மில்லிலீற்றரில் 100க்குக் கீழே. குடிக்கிறவர் நாளுக்கு இரண்டு மூன்று லீற்றர் குடிக்கிறார், குடல் வடிகட்டுகிறது; இவர்களுக்கு ஒரே அமர்வில் 120 லீற்றர் ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் குருதிக்குப் பக்கத்தில் ஓடுகிறது. குளோரமீன் (கிருமி நீக்கப் பயன்படும் குளோரீன் சேர்வை) தப்பிவந்தால் செங்குருதிக் கலங்கள் உடையும். ஆகவே கார்பன் தொட்டி இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஐந்து நிமிடம் தங்க வேண்டும். முதல் தொட்டிக்குப் பின்னால் மாதிரி எடுத்து ஒவ்வொரு முறை நோயாளிகள் மாறும் முன்பும் சோதிப்பது. இரண்டாவது தொட்டி காவல். அதை நம்பிச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

14 ஓகஸ்ட். நீர்மானி:

மாதிரி அனுப்புவது பற்றி மூன்று கேள்வி வந்திருக்கிறது.

புளோரைட்டுக்குப் பிளாத்திக்குப் போத்தல். கண்ணாடி வேண்டாம். உலோகங்களுக்குத் தனிப் போத்தல்: 0.45 மைக்ரோன் வடியில் வடித்து, நைத்திரிக்கமிலம் விட்டு பி.எச்.ஐ 2க்குக் கீழே இறக்க வேண்டும். விடாவிட்டால் கட்மியம் போத்தல் சுவரில் ஒட்டிக்கொள்ளும், "இல்லை" என்று அறிக்கை வரும். பி.எச்., கடத்துதிறன், காரத்தன்மை கிணற்றடியிலேயே. எடுக்குமுன் ஐந்து பத்து நிமிடம் பம்பியை ஓட விடுங்கள். ஒரு முறை எடுத்து முடிவு கட்ட வேண்டாம்: செப்டெம்பரில் வரட்சி முடியும்போது ஒன்று, மாரி முடிந்து பெப்ரவரியில் ஒன்று. குளத்து ஊற்று வரும் கிணறுகளில் இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது.

அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் கிராமத்துக்குத் திரும்பிவர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கூட்டு ஆய்வு என்றால் கிணற்றுக்காரரும் அதில் ஒரு தரப்பு.

14 ஓகஸ்ட். மருதநிலம்:

மழைநீரைச் சேமித்தால் இந்தச் சவ்வு, கழிவு, சிலிக்கா ஒன்றுமே வேண்டாமே.

15 ஓகஸ்ட். நீர்மானி:

பல வீடுகளுக்கு அதுதான் முதல் விடை. 50 சதுர மீற்றர் கூரை, 1,200 மில்லிமீற்றர் மழை, ஐந்தில் ஒன்று இழப்பு என்றால் வருடம் 48,000 லீற்றர். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 35 லீற்றர். ஐந்து மாத வரட்சிக்கு 5,250. ஆகவே ஐயாயிரம் லீற்றர் தொட்டி ஏறக்குறையப் போதும். முதல் மழையில் 50 லீற்றரையாவது வெளியே விடும் குழாய் அமைப்பு வேண்டும், நுளம்பு வலை வேண்டும். அஸ்பெஸ்தோஸ் கூரையும் மரம் கவிந்த கூரையும் தவிர்க்க வேண்டும். பள்ளிக்கூடம், வைத்தியசாலை மாதிரி நூற்றுக்கணக்கானோர் குடிக்கும் இடத்தில் கூரை போதாது. அங்கே சவ்வு நிலையம் நிற்கட்டும்.

மழைநீரிலும் கல்சியம் இல்லை. ஆர்.ஓ. தண்ணீரைச் சத்தில்லாதது என்று தள்ளுகிறவர் மழைநீரைப் புகழ்வதில் பொருளில்லை.

21 ஓகஸ்ட். குளக்கட்டு:

முடிவாச் சொல்லுங்கோ. சங்கம் சவ்வு வாங்கப் போகுது.

21 ஓகஸ்ட், இரவு. நீர்மானி:

இப்போதுள்ள ஆர்.ஓ. சவ்வு உயிரோடிருந்தால் மாற்றாதீர்கள். முதலில் கழுவிப் பாருங்கள். ஒரே அமுக்கத்தில், ஒரே வெப்பநிலையில் நல்ல தண்ணீர் 10 வீதம் குறைந்தால், அல்லது முதல் அமுக்கமானிக்கும் கடைசி அமுக்கமானிக்கும் உள்ள வித்தியாசம் 15 வீதம் கூடினால் கழுவும் நேரம். காபனேற்றுப் படிவு என்றால் சித்திரிக்கமிலம் 2 வீதம், சவ்வு ஒன்றுக்குப் பத்து லீற்றர், குழாய்க்கு மேலதிகம். குறைந்த அமுக்கத்தில் அரை மணி சுற்றவிட்டு, ஒரு மணி ஊறவிட்டு, திரும்பச் சுற்றி, ஆர்.ஓ. தண்ணீரால் அலச வேண்டும். வழுவழுப்பும் மணமும் இருந்தால் அது உயிர்ப்படிவு (கிருமிகள் படர்ந்த படலம்). காரக் கழுவல் முதலில், அமிலம் பிறகு. குளோரீன் ஒருபோதும் சவ்வைத் தொடக்கூடாது.

கழுவியும் வராவிட்டால்: இறுகிய வகை நனோ, பம்பியும் சேர்த்து மாற்றுவதற்குக் காசு இருந்தால். பம்பிக்குக் காசில்லையென்றால் ஆர்.ஓ.வே வாங்குங்கள், பின்னால் கல்சியம் குறுணிப் படுக்கை வையுங்கள். மருதநிலம் ஒப்பமாட்டார், பரவாயில்லை.

எதை வாங்கினாலும், இலங்கையில் களஞ்சியத்தில் உள்ள வகையா என்று பாருங்கள். 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதி நின்றபோது பொதுவான அளவில் உள்ள பாகம்தான் கடன்வாங்கியாவது கிடைத்தது. ஒரே கொம்பனியின் தனி அளவுக் கூடு உள்ள நிலையம் கைவிடப்பட்டது போலாகும்.

22 ஓகஸ்ட். குளக்கட்டு:

மின்வெட்டு வந்தால்?

22 ஓகஸ்ட். நீர்மானி:

அந்த 2022 மார்ச்சின் 13 மணித்தியால வெட்டு போல வந்தால் செறிவு நீர் சவ்வுக்குள்ளேயே நின்று படியும். 200 லீற்றர் ஆர்.ஓ. தண்ணீர் உயரத் தொட்டியில் எப்போதும் இருக்கட்டும். மின் போனதும் செறிவு வால்வை முழுதாகத் திறந்து, அந்தத் தண்ணீரைப் புவியீர்ப்பில் ஐந்து நிமிடம் உள்ளே விடுங்கள். கழிவுக் குழாயில் கடத்துதிறன் உள்ளே போகும் தண்ணீரின் அளவுக்கு இறங்கும்வரை. இரண்டு நாளுக்கு மேல் நிற்குமென்றால் நாளுக்கொரு முறை அதேபோல். ஒரு கிழமைக்கு மேல் என்றால் சோடியம் மெற்றாபைசல்பைற்று 1 வீதக் கரைசலை நிரப்பி, இரண்டு முனையும் மூடி, கரைசலின் பி.எச். 3க்குக் கீழே போகிறதா என்று கிழமைக்கொரு முறை பாருங்கள். போனால் மாற்றுங்கள். திரும்ப ஓட்டும்போது முதல் ஒரு மணித்தியாலத் தண்ணீரை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.